மைக்கின் வால் பக்கம்

இல்லை அக்கா, பயப்படாதீர்கள், இது துப்பாக்கி இல்லை. பெட்டியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் ஒருவருக்கும் அப்படித்தான் தோன்றியது. "என்னம்மா உள்ள?" என்றார். "ஷாட்கன் சார்" என்றேன். அதன் பெயர் அது, நான் என்ன செய்ய? ஷாட்கன் மைக் என்று முழுசாகச் சொல்வதற்குள் என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண் பேசினால் பாதி வாக்கியத்தோடு காதை மூடிக்கொள்வது இந்த ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி. பெட்டியைத் திறந்து காட்டினேன். கறுப்பாக ஒரு குழாய், பக்கத்தில் அதற்குப் போர்த்துகிற சாம்பல் நிற ரோம உறை, காற்றுச் சத்தம் விழாமல் இருக்க. "இது என்ன, கீரியா?" என்றார். வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவாரோ என்று அவரோடு வாதாடி வாதாடி முன்னால் போன பஸ்ஸை விட்டேன். அதனால்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு நல்ல நேரம்தான்.

நீங்கள் ஜன்னல் பக்கம் தள்ளி உட்காருங்கள். பெட்டி என் காலுக்கு முன்னால் குறுக்கே இருக்கட்டும், யாரும் தட்டிவிடக் கூடாது. கண்டக்டரிடம் ஏதோ ஊர் சொன்னீர்களே, நான் கவனிக்கவில்லை. திருநெல்வேலிதானே? நல்லது. நானும் அங்கேதான். பேசிக்கொண்டே போகலாம்.

போன் அடிக்கிறதா? அடிக்கட்டும். ஜெபக்கனிதான். என் ஹாஸ்டல் அறைத் தோழி, எங்கள் படத்தின் இயக்குநர், தற்போதைக்கு என் எதிரி. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நான் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அவளால் படத்தைத் திருவனந்தபுரத்து விழாவுக்கு அனுப்ப முடியும். நான் சொல்வதாக இல்லை. ஏன் என்று நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

முதலில் இந்த மைக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்கு விளங்காது. சாதாரண மைக் நாலாபக்கமும் கேட்கும். இது டார்ச் லைட் மாதிரி. எங்கே திருப்புகிறோமோ அங்கே மட்டும் கேட்கும். குழாயின் இரண்டு பக்கத்திலும் சீப்புப் பல் மாதிரி கீறல் கீறலாகத் துளைகள் இருக்கும், பார்த்தீர்களா? பக்கவாட்டில் இருந்து வரும் சத்தம் அந்தத் துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, ஒன்றோடொன்று மோதி, அங்கேயே செத்துவிடும். நேர் எதிரில் இருந்து வருவது மட்டும் உயிரோடு போய்ச் சேரும். எங்கள் துறைக் கூட்டமும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேசுவதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், எதிர் நாற்காலிக்காரர் சொன்னது மட்டும் பதிவாகும்.

நான் படிப்பது பல்கலைக்கழகத்தில் காட்சித் தொடர்பியல் முதுகலை. சினிமாப் படிப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். எங்கள் துறைக்கு இந்த மாதிரி மைக் ஒன்றே ஒன்றுதான். அதை ஒரு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வெளியே எடுப்பது இரண்டே சமயத்தில், யாராவது படம் எடுக்கும்போதும் ஆயுத பூஜைக்கும்.

ஆயுத பூஜையைச் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் பையன்கள்தான் கருவிகளுக்குப் பொட்டு வைப்பார்கள். பெண்கள் கோலம் போட வேண்டும், சுண்டல் பொட்டலம் மடிக்க வேண்டும். நான் வகுப்பில் எழுந்து கேட்டேன்: "கேமராவ நாங்க தூக்கலாம், வெயில்ல ஸ்டாண்ட சுமக்கலாம், பொட்டு மட்டும் வைக்கக் கூடாதா சார்? எந்த சட்டத்துல இருக்கு?" துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குத்தான் சாமி கிடையாதேம்மா" என்றார். நம்பிக்கை வேறு, உரிமை வேறு என்று அவருக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில் "நீயே வை தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது ஒரு வெற்றி அக்கா. எங்கள் துறையின் வரலாற்றில் ஒரு பெண் பொட்டு வைத்தாள்.

பையன்கள் வைத்தால் ஏனோதானோ என்று ஒரு சொட்டு வைப்பான்கள். நான் போராடி வாங்கிய உரிமை, அப்படி வைக்க முடியுமா? சந்தனத்தை நன்றாகக் குழைத்து, இந்த மைக்கின் குழாய் முழுக்க, இரண்டு பக்கமும், பட்டை பட்டையாக இட்டு, நடுநடுவே குங்குமம் வைத்தேன். ஒரு துளை விடவில்லை. துறைத் தலைவரே பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கு" என்றார். பிறகு அப்படியே பீரோவுக்குள் போய்விட்டது. காய்ந்தும் விட்டது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஜெபக்கனியைப் பற்றிச் சொன்னேனா? நாசரேத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே எல்லோரும் அவளைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் இறுதி ஆண்டுப் படத்துக்கு அவள் இயக்கம், நான் ஒலிப்பதிவு. படம் சபுராக்காவைப் பற்றி. மேலப்பாளையத்தில் சபுரா பீவி என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பர்தாவும் கறுப்புக் கண்ணாடியுமாக முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். டிரைவிங் ஸ்கூல் கார்களில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் தெரியுமா, சொல்லிக்கொடுப்பவரின் காலடியில்? படத்துக்குப் பெயரே 'இரண்டாவது பிரேக்'தான். பெயர் வைத்தது நான். அதுவும் டைட்டிலில் இல்லை.

சபுராக்கா சொல்லிக்கொடுக்கும் முறையே தனி. முதல் நாள் ஸ்டியரிங், கியர் எதையும் தொட விட மாட்டார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஹாரன் அடிக்கச் சொல்வார். வருகிறவர்கள் எல்லாம் தொடுவதற்கே பயந்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு 'கீ' விடுவார்கள். "அது யாருக்கு கேக்கும்? ஒனக்கே கேக்கலையே. நல்லா அமுக்கு. நீ இருக்கேன்னு ரோட்டுக்குச் சொல்லு" என்பார். வெட்கம் போகிற வரைக்கும் ஹாரன்தான். தெருவே எழுந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார் ஒரு நாள். சபுராக்கா அவரிடம், "ஒங்க வீட்டம்மாவையும் அனுப்புங்க மச்சான், பாதி விலைக்குச் சொல்லித் தாரேன்" என்றார். அவர் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் படத்துக்கு எடுத்துக்கொண்ட மாணவி செல்வபாக்கியம். பாளையங்கோட்டைக்காரர். புருஷன் மஸ்கட்டில். வாங்கிப்போட்ட கார் வாசலில் உறை போர்த்திக் கிடக்கிறது, அவர் லீவில் வரும்போது மட்டும் எடுப்பார். அதைத் தானே ஓட்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும் என்று செல்வபாக்கியத்துக்கு ஆசை. புருஷனிடம் சொல்லவில்லை. ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் சொல்வாராம்.

இப்போது காருக்குள் யார் யார் என்று கவனியுங்கள். வலது பக்கம் செல்வபாக்கியம், இடது பக்கம் சபுராக்கா. கேமராவை முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிட்டோம். பின்சீட்டில் நான் ஒருத்திதான். மடியில் ரெக்கார்டர், காதில் ஹெட்போன், கையில் இந்த மைக், இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே நீட்டிக்கொண்டு. ஜெபக்கனி ஸ்கூட்டியில் பின்னாலேயே வருவாள். சின்ன கார், அவளும் ஏறினால் மூச்சு விட இடமில்லை.

அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்காமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். தோள் கழன்றுவிடும். நான் ஒலிப்பதிவாளர், அதனால் நான் வாயே திறக்கவில்லை. ஒலிப்பதிவாளர் பேசக் கூடாது என்பது பாலபாடம். சபுராக்காகூட ஒரு முறை திரும்பிப் பார்த்து, "ஏன் பிள்ள, நீ ஓட்டுதியா?" என்று கேட்டார். பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று அன்பாகக் கேட்டிருப்பார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

என்ன அக்கா, எங்கே எழுந்திருக்கிறீர்கள்? இது என்ன ஊர், கோவில்பட்டியா? கடலைமிட்டாய் வாங்கவா? உட்காருங்கள், உட்காருங்கள், இந்தப் பெட்டியைத் தாண்டி எதற்கு இறங்கிக்கொண்டு. நானே வைத்திருக்கிறேன். இந்தாருங்கள், பிரித்தே தருகிறேன். வாயில் போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் கிளப்பிவிட்டார், பாருங்கள். இறங்கியிருந்தால் பஸ்ஸை விட்டிருப்பீர்கள்.

எங்கே விட்டேன்? ம், எடிட்டிங் அறை. படம் முழுக்க எடுத்து முடித்து, ஜெபக்கனியும் நானும் அருள்ராஜும் உட்கார்ந்து கேட்கிறோம். அருள்ராஜ் எங்கள் வகுப்புப் பையன். கம்ப்யூட்டரில் இரைச்சலைத் துடைக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. முதல் காட்சி. சபுராக்கா குரல்: "ரெண்டாவது கியருக்கு மாத்தும்மா." உடனே அதற்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல், கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி: "மாத்தாத, மாத்தாத, எரும வருது."

அருள்ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த காட்சி. செல்வபாக்கியம் இடது பக்கம் திரும்ப வலது பக்க இண்டிகேட்டரைப் போடுகிறார். அந்தக் குரல்: "இவங்களுக்கு லைசென்ஸ் குடுத்தா எனக்கு ஹெலிகாப்டர் குடுக்கணும்." அதற்கடுத்தது, சபுராக்கா அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கிறார், வண்டி நிற்கிறது. அந்தக் குரல்: "நம்ம எச்.ஓ.டி. சீட்டுக்குப் பக்கத்துலயும் இப்படி ஒண்ணு வைக்கணும்."

அருள்ராஜ் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டான். சிரித்துத்தான்.

ஒரு காட்சி பாக்கியில்லை அக்கா. எல்லாவற்றிலும் அந்தக் குரல். நான் சொன்னேன், இது நான் இல்லை. ஜெபக்கனி, "கார்ல வேற யாருட்டீ இருந்தா?" என்றாள். சரி, குரல் என்னுடையதாகவே இருக்கட்டும். நான் மனசுக்குள் நினைத்ததாக இருக்கும். மனசுக்குள் நினைத்ததை ஒரு மைக் பதிவு செய்கிறது என்றால் அது யார் குற்றம்? நீங்கள் கேட்கலாம், காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாயே, உன் குரல் உனக்குக் கேட்கவில்லையா என்று. என் குரல் எனக்கு எப்போதும்தான் கேட்கிறது. அதில் என்ன புதுசு?

அருள்ராஜ் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். இந்த மைக்கின் வால் பக்கமும் கொஞ்சம் கேட்குமாம். எல்லா ஷாட்கன் மைக்கும் அப்படித்தானாம், முன்னால் நிறைய, பின்னால் கொஞ்சம். மைக்கை நீட்டிப் பிடித்தால் அதன் வால் நேராக என் வாயைப் பார்க்குமாம். "வால் உன் வாய்க்குள்ளயே இருந்திருக்கு" என்றான். நான் விடுவேனா? பீரோவில் இருந்து மைக்கை எடுத்துவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மேலே தெரிந்ததைத் துடைத்துவிட்டுத்தான் படத்துக்கு எடுத்துப் போயிருந்தேன், துளைக்குள் பூராவும் சந்தனம். காய்ந்து சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சத்தத்தைக் கொல்ல வேண்டிய துளையை அடைத்துவிட்டால், அது எந்தப் பக்கம் கேட்கும், எந்தப் பக்கம் கேட்காது என்று யார் சொல்ல முடியும்? ஆகவே குற்றம் சந்தனத்தின் மேல். ஒரு கருவிக்குப் பொட்டு வைக்கிற மூடப் பழக்கத்தின் மேல். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிற துறையின் மேல்.

"வச்சது யாருட்டீ?" என்றாள் ஜெபக்கனி.

வைத்தது நான்தான், அது வேறு விஷயம். நான் வைத்தது உரிமை. அடைத்துக்கொண்டது சந்தனம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் எப்படி?

இன்றைக்கு மதுரைக்குப் போனதே இதைச் சுத்தம் செய்யத்தான். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதுக்கு அபிஷேகம் பண்ணது?" என்றார். ஊசியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். அவரும் அதையேதான் சொன்னார், வால் பக்கம் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும் என்று. நான் அவரோடு வாதாடினேன். கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார். "சரிம்மா, நீ சொல்றதுதான் சரி, நான் சாப்பிடப் போகணும்" என்றார்.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. குரலைத் துடைத்துவிட்டுப் படத்தை முடித்திருக்கலாம். அருள்ராஜும் அதற்குத்தான் தயாரானான். ஜெபக்கனி, "கொஞ்சம் பொறு" என்று சொல்லி மேம்பாலத்துக் காட்சியைப் போட்டாள்.

எங்கள் ஊர் ஈரடுக்கு மேம்பாலம் உங்களுக்குத் தெரியுமே. அதன் ஏற்றத்தில் செல்வபாக்கியத்துக்கு வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஜெபக்கனி ஸ்கூட்டியில். அவளுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் கத்துகிறார்கள். ஒருத்தன், "வீட்டுல சோறாக்கப் போ" என்று சத்தம் போடுகிறான். செல்வபாக்கியம் அழுகிற நிலையில் சபுராக்காவைப் பார்க்கிறார். சபுராக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இதை நீதான் செய்ய வேண்டும் என்கிற மாதிரி. ஜெபக்கனி படமே அந்த மௌனத்துக்காகத்தான் எடுத்தாள். திரும்ப எடுக்க முடியாத காட்சி அது. மறுபடி வண்டி அணைய வேண்டும், மறுபடி அந்தப் பயம் வர வேண்டும், எங்கே போக?

அந்த மௌனத்துக்குள் அந்தக் குரல். கெஞ்சுகிற மாதிரி, குசுகுசுவென்று.

"பயப்படாதீங்க அக்கா, மெதுவா. கிளச்ச மெதுவா விடுங்க, பால் பொங்கும்போது அடுப்பக் குறைக்கிற மாதிரி. அப்படித்தான். பின்னால உருண்டுராதீங்க அக்கா. பின்னால ஜெபா நிக்கா. ஹெல்மெட் போடாம நிக்கா, மூதி, எத்தன தடவ சொல்லிட்டேன். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரு கூடச் சண்ட போடுவேன்."

அப்புறம் எஞ்சின் பிடிக்கிற சத்தம், ஹேண்ட் பிரேக்கை இறக்குகிற சத்தம். வண்டி நகர்கிறது. "கிளம்பிட்டாங்க, கிளம்பிட்டாங்க" என்று அந்தக் குரல். உடனே செல்வபாக்கியம் ஹாரன் அடிக்கிறார், யாரும் குறுக்கே வரவில்லை, சும்மாவே, மேம்பாலத்து உச்சி வரைக்கும்.

அருள்ராஜ் சிரிக்கவில்லை. ஜெபக்கனி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாட்டிலில் தண்ணீர் இருந்தது. மறுநாள் ஒரு ஹெல்மெட்டோடு வந்தாள். சிவப்பு, கேவலமான சிவப்பு. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறவர்கள் அக்கா. அதாவது நான் பேசுவேன்.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் அநியாயம். குரல் எதையும் துடைக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே வைத்து, காரில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் நமக்கு இந்தக் கதையைச் சொல்கிறாள் என்கிற மாதிரி படத்தையே மாற்றி வெட்டிவிட்டாள். துறையில் போட்டுக் காட்டினாள். ஒரே சிரிப்பு. துறைத் தலைவர் அந்த எச்.ஓ.டி. வசனத்துக்கு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். பக்கத்துத் துறைத் தலைவரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. அப்புறம் மேம்பாலம் வந்தது. எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. முன்வரிசையில் உச்சுக்கொட்டுகிறார்கள், ரெண்டு பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம் டைட்டில் ஓடியது. ஒலி: அருள்ராஜ். குரல்: கோமதி.

குரலாம். நான் என்ன பாட்டா பாடினேன்? தோள் கழலக் கழல மைக்கைப் பிடித்தவள் நான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இரைச்சல் துடைத்தவனுக்கு 'ஒலி'. வேலை செய்கிறது பெண், பெயர் வாங்குகிறது ஆண், பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு 'குரல்'. நான் ஜெபக்கனியை அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "ஒலிப்பதிவுன்னு ஒம் பேரப் போட்டா, விழாவுல இருக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? இந்தப் பிள்ளைக்கு மைக்கு பிடிக்கத் தெரியாது, தன் சத்தத்தையே பதிவு பண்ணியிருக்குன்னு சிரிப்பாங்க. ஒன்னைய சிரிக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம். நான் கேட்டேனா? சிரித்தால் அவர்களோடு வாதாட எனக்குத் தெரியாதா? "என் குரல எடுத்துரு, இல்லன்னா நான் அனுமதி தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முக்கியமாக அந்த மேம்பாலத்து இடத்தை எடு என்றேன். எடுத்தால் படமே இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள், "சரி, நீ வேண்டாம்னா எடுத்துருதேன்" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடக் கூட வரவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. எதிரில் நின்று நாலு வார்த்தை பேசினால் நானும் ஜெயிப்பேன், அவளும் தோற்பாள், சுமுகமாக முடியும். இப்படி ஒத்துக்கொண்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில். ராத்திரி அவள் படிக்கிறாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நானே சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவள் காலையில் கிளம்பும்போது அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து, வாரைச் சரியாக மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். 'டக்' என்று. கதவு பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாலும் அது எனக்குக் கேட்டுவிடும்.

இப்போது சொல்லுங்கள் அக்கா. யார் பக்கம் நியாயம்?

என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், காற்று இரைகிறது.

"அந்தப் பிள்ளைக்கு உன்மேல ரொம்பப் பாசம் போல"யா?

நான் கேட்டது நியாயத்தைப் பற்றி. பாசத்தைப் பற்றியா கேட்டேன்? இரண்டும் வேறு வேறு. அப்படிப் பார்த்தால் பாசம் இருக்கிறவர்கள் எல்லாம் ஒருவர் பெயரை ஒருவர் டைட்டிலில் இருந்து தூக்கிக்கொண்டே இருக்கலாமா?

போன் மறுபடி அடிக்கிறது. பாருங்கள், விடமாட்டாள். இன்றைக்கு மட்டும் இத்தனை தடவை. குறைவாகப் பேசுகிறவளாம்.

ஒரு நிமிஷம் அக்கா.

ம், சொல்லு. பஸ்ல வாரேன். ஆமா, மைக்கு சரியாயிட்டு. சந்தனம் பூரா வந்துட்டு. இல்ல, உடையல. ஏட்டி, குறுக்க பேசாத, நான் சொல்லுதத கேளு. ஒலிப்பதிவுலயும் எம் பேரு வரணும், குரலுலயும் எம் பேரு வரணும். ரெண்டுலயும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிடுதேன். அருளு பேரா? போடு, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? இரைச்சல் துடைத்தவர்னு போடு, அதத்தான செஞ்சான். படத்துப் பேரு வச்சது நான்னும் போடணும். ம். ம். அத... அந்த மேம்பாலத்து இடத்த எடுத்துட்டியா? இன்னும் எடுக்கலையா? அன்னைக்கே எடுக்கச் சொன்னேன்ல. எடுக்காம என்ன செஞ்ச?

சரி. இருந்துட்டுப் போகட்டும். இருக்கட்டும்னு சொல்லுதேன், காது கேக்கலையா? அனுப்பு. இப்பவே அனுப்பு, அப்புறம் நான் மாத்திருவேன். பஸ் ஸ்டாண்டுக்கா? எதுக்கு, நான் ஆட்டோவுல வந்துக்கிடுவேன். அப்படியா. வாறன்னா எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிட்டு வா. அந்தச் சிவப்பு வேண்டாம். வச்சிருதேன்.

முடிந்தது அக்கா. அவள் ஒத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும். நான்தான் ஜெயித்தேன், கவனித்தீர்களா? ஒரு நிபந்தனை கூட விடவில்லை. மூதி, போனை வைக்கும்போது அழுகிற மாதிரி மூக்கை உறிஞ்சுகிறாள், ஜலதோஷம் என்கிறாள்.

மனசு லேசாக இருக்கிறது. உங்களிடம் பேசியது நல்லதாகப் போயிற்று. நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள் அக்கா, எல்லோருக்கும் அது வராது. என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் திருநெல்வேலியில் எந்தப் பக்கம்? ஜங்ஷனா, டவுனா?

எங்கே?

கோவில்பட்டியா?

கோவில்பட்டி தாண்டி எவ்வளவு நேரமாகிறது, கயத்தாறே போய்விட்டது. அப்போது எழுந்தீர்களே, இறங்கவா எழுந்தீர்கள்? நான் கடலைமிட்டாய்க்கு என்று நினைத்தேன். வீட்டில் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா? ஐயோ, நல்ல ஆள் அக்கா நீங்கள். கண்டக்டர் அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க, இவங்க கோவில்பட்டியில இறங்கணும். ஆமா, கோவில்பட்டிதான். தாண்டிட்டுன்னு எனக்கும் தெரியும், பயணிகள இறக்கிவிடுறது யாரு பொறுப்பு, எம் பொறுப்பா, உங்க பொறுப்பா? நீங்க சத்தம் போட்டீங்களா? எங்களுக்குக் கேக்கலையே. கேக்காத மாதிரி சத்தம் போட்டா அது சத்தமா?

நில்லுங்கள் அக்கா, நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் பேசாதீர்கள். பெட்டியை எடுக்கிறேன், வழி விடுகிறேன். பையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். எதிர்ப்பக்கம் நின்றால் திரும்பிப் போக பஸ் வந்துகொண்டே இருக்கும், கவலைப்படாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஹாரன் அடிக்க வேண்டாமா அக்கா?